மனாசேயின் சர்வரும் ஞாயிற்றுக்கிழமையும்

தேவாலயத்தில் இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது மனாசேயின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஒருமுறை அதிர்ந்தால் உறவினர் யாராவது கூப்பிடுகிறார்கள். விட்டுவிட்டு மூன்று முறை அதிர்ந்தால் ஆக்லாந்தில் தன் வலைப்பக்கத்துக்காக வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர் கணினி விழுந்துவிட்டது. அப்படி ஏற்பாடு செய்துவைத்ததே அவர்தான். மூன்று முறை அதிர்ந்தது. அவர் பாட்டுப் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடினார்.

வேறு என்ன செய்வது? தோங்காத் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்வதில்லை. கடை திறக்காது, விமானம் இறங்காது, மீன் பிடிக்க ஒருவரும் போவதில்லை. விழுந்த சர்வரை எழுப்ப இரண்டு நிமிடம்தான் ஆகும். ஆனால் இரண்டு நிமிட வேலையும் வேலைதான். திங்கட்கிழமை விடிந்ததும் எழுப்பினார். அதற்குள் நாற்பத்திரண்டு செய்திகள் வந்திருந்தன.

சனிக்கிழமை போதகரின் மனைவியை அடக்கம் செய்திருந்தார்கள். அவருடைய மகள்கள் இரண்டு பேரும் சிட்னியில். அடக்கத்தின் படங்களைப் பார்க்க ஞாயிறு மதியம் இருபது பேர் ஒரு வீட்டில் கூடி, சுவரில் தொங்கும் பெரிய டிவியில் மனாசேயின் வலைப்பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். பக்கம் வரவே இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அகோசிதா அத்தை போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தார். மனாசேயின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. எழுபத்தாறு வயது. தோங்காக் குடும்பத்தில் அப்பாவின் அக்கா சொல்வதுதான் கடைசிச் சொல். அவர் ஒன்றைக் கேட்டு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியை அத்தை விசிறியால் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"மனாசே, உன் மெஷினுக்கு என்ன, மூச்சுத் திணறலா?"

"ஆமா அத்தை."

"சிட்னில இருபது பேர் டிவி முன்னாடி உக்காந்து வெறும் வெள்ளையைப் பார்த்துருக்காங்க. அம்மா ஆவியா வந்துட்டாங்கன்னு சின்னவ அழுதாளாம்."

மனாசேயின் மனைவி லோசலின் சிரிப்பை மறைக்க அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்தார்.

"சிரிக்காதே லோசலின். இவன் வேலை பார்த்த கப்பலும் இப்படித்தான் நடுக்கடல்ல நின்னுச்சு."

"நான் இருந்தவரைக்கும் நிக்கல அத்தை. நான் இறங்கின பிறகுதான் நின்னுச்சு."

"பாத்தியா, அதுக்கும் நீதான் காரணம்" என்றார் அத்தை.

மனாசே யூவா தீவில் பிறந்தவர். பதினாலு வயதில் பள்ளியை விட்டார். அப்பா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார், தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பதினெட்டில் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறைக்கு எண்ணெய் துடைக்கிறவராகப் போனார். இருபத்திரண்டு வருடம் அங்கேதான். எஞ்சின் அறையில் பேசினால் கேட்காது, அதனால் அங்கே இருப்பவர்கள் பேசுவதை விட்டுவிடுவார்கள். முள்ளைப் பார்ப்பார்கள். சூட்டைக் காட்டும் முள், அழுத்தத்தைக் காட்டும் முள். முள் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து ஒரு விரல் நகர்ந்தால் காரணத்தைத் தேடுவார்கள். அப்படித் தேடித்தேடி மனாசேக்கு ஒரு பொறுமை வந்தது. இடது காது போனது. இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

நாற்பது வயதில் கப்பலை விட்டு இறங்கி, தலைநகர் நுகுஅலோஃபாவில் லோசலினின் போட்டோ ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தார். படம் எடுக்கத் தெரியாது. வாடிக்கையாளரிடம் பேச வராது. அவர்கள் இடது பக்கம் நின்று பேசினால் கேட்கவும் கேட்காது. "இவரை எங்கய்யா வைக்கிறது?" என்று லோசலின் ஒரு மாதம் யோசித்தார். அந்தச் சமயத்தில்தான் லோசலினின் அண்ணன் மகன் ஃபிலிமோனே, கல்யாணம், சாவு, பள்ளிக்கூட விழா எல்லாவற்றின் படங்களையும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்க ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தான். செய்துவிட்டு அவனும் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். போகும்போது ஒரு நீல நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தான். எந்தக் கட்டளை எதற்கு என்று அதில் எழுதியிருந்தது. மனாசே அதை எடுத்துக்கொண்டு மூலையில் கணினி முன் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை எங்கே வைப்பது என்ற கேள்வி வரவில்லை.

திரையில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று சர்வரின் மூளை எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும். மற்றது மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று. மனாசே அவற்றை முள் என்றுதான் சொல்வார்.

அத்தை போன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையின் கோடுகளை எடுத்துவைத்துப் பார்த்தார். காலை பத்து மணிக்கு இரண்டும் சுவர் ஏறுவதுபோல நேராக ஏறியிருந்தன. பத்து பத்துக்கு நின்றுவிட்டன. வாரத்தில் வந்த படங்களை மொத்தமாகச் சிறிதாக்கும் வேலை அந்தப் பத்து மணிக்குத்தான் தொடங்கும். ஏன் அந்த நேரம்? நோட்டுப் புத்தகத்தில் ஃபிலிமோனே அடிக்கோடிட்டு எழுதியிருந்தான்: ஞாயிறு காலை, எல்லாரும் தேவாலயத்தில் இருப்பார்கள், பக்கத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மனாசே அதை லோசலினிடம் காட்டினார். லோசலின் இரண்டு தடவை படித்தார்.

"நாம எல்லாரும் தேவாலயத்துலதான் இருக்கோம். சரியாத்தானே எழுதியிருக்கான்?"

"பாக்குறது நாம இல்லையே. இப்ப இங்க ஞாயிறு காலைன்னா அமெரிக்காவுல சனி மதியம். அங்க உள்ள நம்ம ஆளுங்க அப்பதான் சாப்பிட்டு உக்காருவாங்க. அப்புறம் ஆக்லாந்து, அப்புறம் சிட்னி. வாரத்துலயே ஞாயித்துக்கிழமைதான் அதிகக் கூட்டம்."

"அட கடவுளே! நாம கண்ணை மூடி ஜெபம் பண்ணுனா உலகமே கண்ணை மூடிக்கும்னு நெனச்சிருக்கோம்."

அன்றைக்கே அந்த வேலையைச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மாற்றினார். அப்பாடா என்று லோசலின் சொன்னார். மனாசே சொல்லவில்லை. சாவு வீட்டுப் படங்கள் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காது. சனிக்கிழமை அடக்கம் முடிந்தால் அன்று மாலையே நாற்பது கைப்பேசிகளிலிருந்து படங்கள் வந்து விழும். வரும்போதே சிறிதாக்கி வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கும்.

அவர் ஒரே ஒரு படத்தை அனுப்பிவிட்டு முள்ளைப் பார்த்தார். நான்கு எம்பி உள்ள படம். மெமரியின் முள்ளோ நாற்பது ஏறி இறங்கியது. மறுபடி அனுப்பினார். மறுபடி நாற்பது. அன்று மதியம் சாப்பிடும்போது லோசலினிடம் கேட்டார்.

"நாலு எம்பி படம் நாப்பது எம்பி இடத்தை எப்படிப் பிடிக்கும்?"

"எனக்கென்ன தெரியும். நீ நிக்கும்போது ஒரு ஆள், உக்காந்தா பெஞ்ச் முழுக்கப் பிடிக்கிறே, அந்த மாதிரி ஏதாவது இருக்கும்."

மனாசே சிரித்துவிட்டு சுவரோரமாக மடித்து வைத்திருந்த மரப்பட்டைத் துணியைப் பார்த்தார். லோசலினின் தங்கை கல்யாணத்துக்காகச் செய்தது. மடித்தால் ஒரு பெட்டியில் அடங்கும். வண்ணம் பார்க்க விரித்தால் சபைக் கூடமே போதாது. படமும் அப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. வரும்போது மடித்த துணி. சிறிதாக்க வேண்டுமென்றால் முதலில் விரிக்க வேண்டும். சர்வரின் மெமரி மொத்தமே ஆயிரம் எம்பி. நாற்பது பேர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு துணியை விரித்தால் ஆயிரத்து அறுநூறு. கூடத்தில் இடமில்லை. சர்வர் விழுகிறது.

ஃபிலிமோனேயைக் கூப்பிட்டு, வலது காதில் வைத்துக்கொண்டு சொன்னார். 

"டேய், இருக்கியா?"

"இருக்கேன் மாமா. நான் அதை எழுதும்போது ஒரு தடவைக்கு எத்தனை படம்னு எல்லையே வைக்கல. வர்றதை எல்லாம் ஒண்ணாத் திறக்கும்."

"கப்பல்ல அப்படி எல்லாரையும் ஒரே படியில ஏத்தினா என்ன ஆகும்?"

"திட்டாதீங்க மாமா."

"திட்டல. எந்த வரியில மாத்தணும்னு சொல்லு."

அந்த வரியில் மனாசே ஒன்று என்று எழுதினார். ஒரு படம் முடிந்தால்தான் அடுத்தது. மற்றவை வரிசையில் நிற்கட்டும். அப்புறம் ஃபிலிமோனே இன்னொன்று சொன்னான்: கைப்பேசிப் படங்களை முழுதாக விரிக்காமல் அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒரு பங்காக, நாலில் ஒரு பங்காகவே திறக்க முடியும், திறக்கும்போதே அப்படிக் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தார்கள். நாற்பது ஏறிய முள் நாலு ஏறி இறங்கியது. மனாசே அதே படத்தை ஆறு முறை அனுப்பினார். ஆறு முறையும் நாலுதான். இரண்டு நாள் கழித்து இன்னும் ஒரு மாற்றம்: படம் கைப்பேசியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அங்கேயே பாதி சுருங்கிவிடும்படி பக்கத்தை மாற்றினார்கள். நாற்பது கைப்பேசி இருக்கிறது, ஒவ்வொன்றும் தன் பங்கு வேலையைச் செய்யட்டுமே. சர்வருக்கும் சொல்லிவைத்தார்கள்: ஒரே படத்தை ஐந்து பேர் அனுப்பினால் ஒருமுறை மட்டும் செய். ஒருமுறை செய்ததை வைத்துக்கொள். பார்க்க வருகிறவர் கேட்கும்போதெல்லாம் மறுபடி செய்யாதே.

லோசலினுக்கு ஒரு குறை இருந்தது. "பாதியாச் சுருக்கிட்டா அச்சுப் போடும்போது மூக்கு முழி தெரியுமாய்யா?"

"அச்சுக்கு வேணும்கிறவங்க பெருசைக் கடைக்கே கொண்டுவரட்டும். திங்கக்கிழமை."

"நல்லா இருக்கு. உனக்கு எல்லாமே திங்கக்கிழமை."

இதெல்லாம் முடிந்து மூன்று வாரம். ஜூலை மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை அமனாகி இறந்துபோனார். மனாசேயின் பெரியப்பா மகன், ஐம்பத்தாறு வயது. சர்க்கரை நோயில் ஏற்கெனவே ஒரு கால் போயிருந்தது. அகோசிதா அத்தை அவருக்கும் அத்தைதான். அதனால் சாவு வீட்டில் தலைமாட்டில் உட்காரும் உரிமை அத்தைக்கு. பாய்களின் மேல் பாய்களாக அடுக்கியிருந்ததில் அத்தை போய் உட்கார்ந்தார். என்ன நடக்க வேண்டுமோ அங்கிருந்தே சொன்னார்.

அமனாகிக்கு ஒரே மகன் செமிசி. இருபத்து நாலு வயது. ஆஸ்திரேலியாவில் மில்டூரா பக்கம் ஆரஞ்சு பறிக்கப் போயிருந்தான். சனிக்கிழமைக்குள் வந்து சேர விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கிடைக்கும். அடுத்த வாரம் வந்து என்ன பார்ப்பது?

வியாழக்கிழமை அவன் மனாசேயைக் கூப்பிட்டான்.

"சித்தப்பா, நேரலையா யாராவது காட்டினாங்கன்னா இங்க நிக்காது. தோட்டத்துல சிக்னல் கிடையாது. தங்குற இடத்துல ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் நல்லா வரும், அன்னிக்குத்தான் லீவும். எங்க ஆளுங்க பதினெட்டுப் பேர் இருக்கோம். அன்னிக்குப் பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிட்டு, படத்தை எல்லாம் வரிசையாப் பார்க்கலாம்னு இருக்கோம்."

"சரிப்பா."

"வரும்ல சித்தப்பா? போதகரம்மா சாவுக்கு வரலைன்னு சொன்னாங்க."

எஞ்சின் ஓடுமா என்று கேட்டால் ஓடும் என்று சொல்லும் பழக்கம் மனாசேக்கு இல்லை.

"பாத்துக்கிறேன்" என்றார்.

அந்தப் பேச்சு எப்படியோ அத்தைக்கு எட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை மனாசே துக்க வழக்கப்படி பெரிய பழைய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டு அனுப்பினார். மனாசே கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"பையன் ஞாயித்துக்கிழமை அப்பனைப் பாக்கணும்" என்றார் அத்தை.

"சரி அத்தை."

"நீ ஞாயித்துக்கிழமை அந்த மெஷினைத் தொடக்கூடாது."

"தொடமாட்டேன் அத்தை."

"அது மட்டும் ஞாயித்துக்கிழமை வேலை செய்யலாமா? நீயே சொல்லு."

பக்கத்திலிருந்த பெண்கள் மனாசேயையே பார்த்தார்கள். "உமு அடுப்பை விடியக்காலைல மண்ணைப் போட்டு மூடிட்டுத்தான் கோயிலுக்குப் போறோம் அத்தை. நாம பாடிட்டு வர்றதுக்குள்ள அது பாட்டுக்கு வேகுது. அதுமாதிரி மூடி வச்சுட்டு வந்துருவேன்."

அத்தை விசிறியை நிறுத்தினார். பிறகு மறுபடி வீசினார். "பேசவே தெரியாதவன்னு உன்னைச் சொன்னது யாரு? சரி, போ. வேகாம இருந்துச்சுன்னா உன்னைத்தான் உள்ள வச்சு மூடுவேன்."

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அமனாகியை மணலில் இறக்கினார்கள். மூன்று மணிக்கெல்லாம் படங்கள் வரத் தொடங்கின. மனாசே ஸ்டுடியோவில் கறுப்புச் சட்டையோடு, இடுப்புப் பாயோடு உட்கார்ந்திருந்தார். நாலரைக்கு ஆயிரத்து இருநூறு படங்கள் வரிசையில் நின்றன. மெமரியின் முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. வரிசைதான் நீண்டது, முள் நகரவில்லை. லோசலின் வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இதுதான் நல்லதா?"

"இதுதான் நல்லது."

"பாக்க ஒண்ணுமே இல்லையே."

"பாக்க ஒண்ணும் இல்லாததுதான் நல்லது."

ஐந்தரைக்கு முள் எகிறியது. தொள்ளாயிரம். சர்வர் விழுந்தது. தானே எழுந்தது, இந்த மூன்று வாரத்தில் அப்படி எழும்படி வைத்திருந்தார். எழுந்து வரிசையில் முதலில் நின்ற படத்தை எடுத்தது. மறுபடி தொள்ளாயிரம். விழுந்தது. மறுபடி எழுந்தது. அதே படத்தை எடுத்தது.

நான்காவது முறை விழுந்தபோது மனாசே வரிசையை நிறுத்தினார். வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குச் சாவு வீட்டில் ஜெபம், அதற்கு அவர் போயாக வேண்டும். இப்போது இதைச் சரி செய்யாவிட்டால் நாளை முழுவதும் இது இப்படியே விழுந்தும் எழுந்தும் கிடக்கும். இதற்குப் பின்னால் நிற்கும் எண்ணூறு படங்களும் வெளியே வராது. அமனாகியைத் தூக்கிக்கொண்டு போகும் படங்கள் எல்லாம் அந்த எண்ணூறில்தான் இருந்தன.

அந்த ஒரு படம் என்ன என்று பார்த்தார். தேவாலயக் கணினியிலிருந்து வந்தது. பாடகர் குழுத் தலைவர் எடுத்தது. கல்லறைக்குக் கிளம்புமுன் மொத்தக் குடும்பமும், இருநூறு பேரும், வீட்டு முன் வரிசையாக நிற்க, பன்னிரண்டு படங்களாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருந்தார். கைப்பேசியிலிருந்து வரவில்லை, அதனால் வழியில் சுருங்கவில்லை. அது வேறு வகைக் கோப்பு. நாலில் ஒரு பங்காகத் திறக்கவும் முடியாது. முழுதாக விரித்தே தீர வேண்டும். ஆயிரம் எம்பி கூடத்தில் அதற்கு இடமில்லை.

எடுத்து ஓரமாக வைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்தப் படத்தின் நடுவில், வெளியே கொண்டுவந்து அடுக்கிய பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தது அகோசிதா அத்தை. வந்த படங்கள் எல்லாவற்றிலும் அத்தை முழுதாக இருப்பது அதில் மட்டும்தான். மற்றவற்றில் விசிறி தெரியும், முழங்கால் தெரியும். ஒரு சாவில் அப்பாவின் அக்காவை ஒதுக்கி வைப்பதென்றால், அதைச் செய்த மனிதர் பெயரை மூன்று தலைமுறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

லோசலின் படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "போய்க் கேட்டுடு. கேக்காம எடுக்காதே."

"கேட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"அப்ப செமிசிகிட்ட நீதான் சொல்லணும். போ, நேரமாகுது."

மனாசே போனார். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஒரு பெரிய படம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதை எடுத்தால்தான் மற்றவை போகும், அந்தப் படம் அத்தை இருக்கும் படம்.

யாரோ ஒரு பெண் "ஐயையோ" என்று மெதுவாகச் சொன்னது அவர் வலது காதுக்குக் கேட்டது.

"எவ்வளவு பெருசு?" என்றார் அத்தை.

"ரொம்பப் பெருசு அத்தை. அவ்வளவு பெருசை அது பார்த்ததே இல்ல."

"என்னைத் தூக்க முடியாம மெஷினே விழுந்துருச்சுன்னு சொல்லு."

"நாலு தடவை விழுந்துச்சு அத்தை."

அத்தையின் தோள்கள் குலுங்கின. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாவு வீட்டில் சிரித்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. சிரித்து முடித்து அத்தை கண்ணைத் துடைத்தார், பிறகு துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னை எடுத்தா, பையன் அமனாகியைப் பாப்பானா?"

"பாப்பான் அத்தை."

மனாசே அப்படி நிச்சயமாக ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

"எடு. நான் திங்கக்கிழமை வர்றேன். நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

மனாசே திரும்பி வந்து ஒரு வரி எழுதினார். இந்த அளவுக்கு மேல் உள்ள படத்தைத் திறக்காதே, திங்கட்கிழமைக் கூடையில் போடு. எழுதியதைப் படித்துவிட்டு, இன்னொரு வரியும் சேர்த்தார். ஒரு படம் எதனாலோ இரண்டு முறை தடுக்கினால் மூன்றாம் முறை எடுக்காதே, அதையும் கூடையில் போடு. நாளைக்கு எது தடுக்கும் என்று யாருக்குத் தெரியும், பார்க்கவும் ஆளில்லை. வரிசையைத் திறந்துவிட்டார். முள் இருநூற்றுப் பத்துக்கு வந்து நின்றது. பத்து நிமிடம் பார்த்தார். ஆறு ஐம்பதுக்குக் கணினியை மூடிவிட்டு ஜெபத்துக்குப் போனார்.

வாசலிலேயே அத்தை கையை நீட்டினார். "போனைக் குடு."

"அத்தை?"

"உன் கை சும்மா இருக்காது. கோயில்ல உக்காந்து தடவிக்கிட்டே இருப்பே. குடு."

கொடுத்தார். அத்தை அதைத் தான் உட்கார்ந்திருந்த பாய்களுக்கு அடியில் செருகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனாசேக்கு நீளமாக இருந்தது. விடியுமுன் உமுவை மூடினார்கள். தேவாலயத்தில் மூன்று பாட்டு, இரண்டு பிரசங்கம். பாடும்போது வெறும் சட்டைப்பை நெஞ்சில் தட்டுவதுபோல இருந்தது. திரும்பி வந்து சாவு வீட்டு முற்றத்தில் சாப்பிட்டார்கள். இலையில் பொதிந்த மாட்டிறைச்சி, தேங்காய்ப்பால், கிழங்கு. நன்றாக வெந்திருந்தது. லோசலின் அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "அடுப்பு வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு, நீ சாப்பிடு" என்றார். மனாசே பாதிதான் சாப்பிட்டார்.

மாலை ஐந்து மணி இருக்கும். மில்டூராவில் இரண்டு மணி. அத்தை பாய்களின் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பாய்களுக்கு அடியில் ஏதோ உறுமியது.

அத்தை கண்ணைத் திறந்தார். மறுபடி உறுமியது. மனாசே முற்றத்தில், கதவுக்கு நேரே பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. அத்தை திடுக்கிட்டு இடுப்பைத் தூக்கியதும், கையை அடியில் விட்டுத் துழாவியதும், கைப்பேசியைத் தலைகீழாகக் காதில் வைத்ததும், பக்கத்துப் பெண் அதைத் திருப்பி வைத்ததும் தெரிந்தது. பிறகு அத்தையின் வாய் அசைவது நின்றது. கேட்டுக்கொண்டிருந்தார்.

மனாசே அந்த முகத்தைப் பார்த்தார். முள் இல்லாத இடத்தில் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அத்தை நெற்றியைச் சுருக்கினார். ஒரு முறை தலையாட்டினார். மனாசேக்கு எழுந்து உள்ளே போக வேண்டும் போலிருந்தது. கூப்பிடாமல் போகக் கூடாது. லோசலின் உள்ளே கதவருகே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். லோசலின் திரும்பவே இல்லை.

அப்புறம் அத்தையே உரக்கப் பேசினார், அது மனாசேக்கும் கேட்டது.

"உங்கப்பன் சட்டைக் காலரா? நான்தான் சரி பண்ணினேன்! மடங்கியிருந்துச்சு, சின்ன வயசிலேர்ந்தே அவன் அப்படித்தான், ஒரு சட்டை ஒழுங்கா போடமாட்டான். அந்தக் கை என் கைதான்டா. விசிறியும் என்னுதுதான்... ஆமா... எத்தனை பேரு பாத்தீங்க? பதினெட்டும்? அழுதீங்களா? அழுங்க, அழுங்க."

பிறகு கைப்பேசியை இறக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக் கத்தினார். "டேய் மனாசே! வெந்துருச்சாம்!"

முற்றத்திலிருந்தவர்கள் என்ன வெந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனாசே எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய், மீதி இருந்த இறைச்சிப் பொதி ஒன்றை எடுத்துப் பிரித்து நின்றபடியே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு ஸ்டுடியோவைத் திறந்தார். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு படங்கள் முடிந்திருந்தன. மெமரி முள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொட்ட உச்சம் இருநூற்று நாற்பது. திங்கட்கிழமைக் கூடையில் பதினோரு படங்கள். பத்து, வெறும் உடைந்த கோப்புகள். நீளப் படத்தைச் சிறிதாக்கும் வழியை ஃபிலிமோனேயிடம் கேட்டு, ஸ்டுடியோவின் சொந்தக் கணினியில் விரித்துச் சிறிதாக்கி மேலே அனுப்பினார். அதற்கு ஆறு நிமிடம் பிடித்தது.

பத்து மணிக்கு அத்தை வந்தார். நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, திரையில் அந்தப் படத்தைப் பார்த்தார். இருநூறு பேர் ஒரு சாண் அகலத்தில் நின்றார்கள்.

"இதுல நான் எங்கடா?"

மனாசே விரல் வைத்துக் காட்டினார்.

"இத்தனூண்டா? இதுக்கா உன் மெஷின் நாலு தடவை விழுந்துச்சு?"

"தொட்டா பெருசாகும் அத்தை."

அத்தை விரலால் தொட்டார். பாய்களும் விசிறியும், கறுப்பு உடையில் தன் முகமும் திரை முழுக்க வந்து நின்றன. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி" என்றார். "பையனுக்கு இதையும் அனுப்பு."